பிழைப்புக்கு முகம் எழுதியவர்: ருஷ்ய ஓவியர் கிராம்ஸ்கோய் பற்றி ஓர் இழை

கரிசல்மண் எழுதியது:

ருஷ்ய நாவல்களைத் தமிழில் படித்து வளர்ந்த பலர் இந்தக் குழுவில் இருக்கிறீர்கள். அந்த எழுத்தாளர்களின் முகங்களை நமக்குக் காட்டியவர்களைப் பற்றி நாம் பேசியதே இல்லை. அதற்காகத்தான் இந்த இழை. இவான் நிகோலயெவிச் கிராம்ஸ்கோய், 1837இல் பிறந்து 1887இல் இறந்தவர். 45 வயது டால்ஸ்டாயை நேரில் உட்கார வைத்து வரைந்தவர். சாகக் கிடந்த கவிஞர் நெக்ராசவைப் படுக்கையிலேயே வரைந்தவர். தஸ்தயேவ்ஸ்கி இறந்த மறுநாள் அந்த வீட்டுக்குப் போய் அவர் முகத்தைக் காகிதத்தில் எடுத்து வந்தவர்.

வரோனெஷ் மாகாணத்தில் அஸ்த்ரகோஷ்ஸ்க் என்ற சிற்றூர் அவருடையது. அப்பா நகரசபையில் எழுத்தர். பையனுக்கு 12 வயதாகும்போது அப்பா இறந்துவிட்டார். பள்ளிப் படிப்பு அதோடு சரி. பிறகு அதே நகரசபையில் அழகாக எழுதிக் கொடுக்கும் வேலை. கொஞ்ச காலம் தேவாலயப் படங்கள் எழுதுபவரிடம் எடுபிடி. 16 வயதில், கார்கோவிலிருந்து வந்த டனிலெவ்ஸ்கி என்ற புகைப்படக்காரரோடு ஊரை விட்டுக் கிளம்பினார். மூன்று வருடம் ஊர் ஊராக அலைந்து, அவர் எடுத்த படங்களில் பழுது நீக்குவதும் நீர்வண்ணம் பூசுவதும்தான் வேலை. 1856இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் வந்து சேர்ந்தபோதும் அதே தொழில்தான் சோறு போட்டது. அலெக்சாந்த்ரோவ்ஸ்கி, தெனியர் என்று அந்த நகரத்தின் பெயர்பெற்ற ஸ்டூடியோக்களில் வேலை பார்த்தார். ரீடச்சிங்கின் கடவுள் என்று அவரைக் கூப்பிட்டார்களாம். 1857இல் பேரரசுக் கலைக்கழகத்தில் மாணவராகச் சேர்ந்தார். அதற்கு முன்னால் முறையாக ஓவியம் பயின்றது கிடையாது.

என் கட்சி இதுதான். கிராம்ஸ்கோய் தன்னை உருவப்பட ஓவியர் என்று நினைக்கவே இல்லை. உருவப்படங்களைத் தான் விரும்பியதில்லை என்றும், மனித முகத்தின் மேல் உள்ள ஆசையால்தான் ஓரளவு ஒழுங்காகச் செய்ய முடிந்தது என்றும், தேவை தன்னை அந்த வேலையில் தள்ளிவிட்டது என்றும் கடிதத்தில் எழுதியிருக்கிறார். பெரிய கிறிஸ்து ஓவியம் ஒன்றுதான் தன் வாழ்நாள் வேலை என்று நம்பினார். ஆனால் அவர் விட்டுப்போனதில் மிகப் பெரியவை அந்த முகங்கள்தான் என்று நான் நினைக்கிறேன். மறுப்பவர்கள் வாருங்கள், பேசுவோம்.

காவிரிக்கரை எழுதியது:

நல்ல இழை அண்ணா. ஒரு சந்தேகம். திறந்த வண்டியில் உட்கார்ந்து, கருப்புத் தொப்பியும் இறகுமாக, நம்மைக் கொஞ்சம் மேலிருந்து பார்க்கும் அந்தப் பெண் இவர் வரைந்ததுதானே? அது அன்னா கரேனினா என்று எங்கள் கல்லூரி நூலகத்தில் ஒருவர் அடித்துச் சொன்னார். நாவலின் அட்டைப் படமாகவும் பார்த்திருக்கிறேன்.

கரிசல்மண் எழுதியது:

அவர் வரைந்ததுதான். ஆனால் அன்னா இல்லை. நாவல் பத்திரிகையில் 1875 முதல் 1877 வரை தொடராக வந்து, 1878இல் புத்தகமானது. இந்த ஓவியம் 1883இல் காட்சிக்கு வந்தது. கிராம்ஸ்கோய் அதற்குக் கொடுத்த பெயர் "தெரியாத பெண்". அது யார் என்று அவர் கடைசிவரை சொல்லவில்லை. பதிப்பாளர்கள் அட்டையில் போட்டுப் போட்டு அது அன்னாவின் முகமாகவே ஆகிவிட்டது.

பின்னால் பனிமூட்டத்தில் தெரிவது பீட்டர்ஸ்பர்க்கின் நெவ்ஸ்கி சாலை. வெல்வெட், ரோமம், ரிப்பன், தங்க வளையல் என்று ஒவ்வொரு பொருளும் தொட்டுப் பார்க்கலாம் போல இருக்கும். இன்று இவ்வளவு பிரபலமான இந்தப் படத்தை, கிராம்ஸ்கோயின் மற்ற படங்களைத் தேடித் தேடி வாங்கிய பாவெல் திரெத்யாகோவ் வாங்கவில்லை. தனியார் கைகளில் இருந்து, புரட்சிக்குப் பிறகு 1925இல்தான் திரெத்யாகோவ் அருங்காட்சியகத்துக்குள் வந்தது.

அன்னா கரேனினாவுக்கும் கிராம்ஸ்கோய்க்கும் உண்மையான தொடர்பு ஒன்று உண்டு. அது இதைவிட ஆழமானது. கொஞ்சம் நேரம் கொடுங்கள், எழுதுகிறேன்.

கரிசல்மண் எழுதியது:

துணி ஆலை நடத்திய மாஸ்கோ வணிகர் திரெத்யாகோவ். நாட்டின் சிறந்த மனிதர்கள் அத்தனை பேரின் முகங்களையும் ஒரே இடத்தில் சேர்த்துவிட வேண்டும் என்பது அவர் ஆசை. அவர்களில் பலர் கொஞ்ச காலத்தில் போய்விடுவார்கள் என்ற பதைப்பு அதில் இருந்தது. ஓவியர் பெரோவிடம் சொல்லி 1872இல் தஸ்தயேவ்ஸ்கியை வரைய வைத்தார். கிராம்ஸ்கோயிடம் கோன்சரோவ், சல்திகோவ் ஷெத்ரின், நெக்ராசவ் என்று ஒரு வரிசையையே ஒப்படைத்தார். இறந்துபோன கிரிபயேதவ், ஷெவ்சென்கோ என்ற எழுத்தாளர்களையும்கூட, இருக்கிற படங்களை வைத்து எழுதித் தரச் சொன்னார். டால்ஸ்டாய் மட்டும் பிடி கொடுக்கவில்லை. வருடக்கணக்கில் மறுத்துக்கொண்டே இருந்தார்.

1873 கோடையில் கிராம்ஸ்கோய் குடும்பத்தோடு துலா பக்கம் ஒரு வீடு எடுத்துத் தங்கினார். காடுகளை வரையும் ஷிஷ்கினும், சவித்ஸ்கி என்ற இன்னொரு ஓவியரும் கூட இருந்தார்கள். அங்கிருந்து டால்ஸ்டாயின் பண்ணை வீடான யாஸ்னயா பொல்யானா பக்கம்தான். டால்ஸ்டாய் அப்போது சமாராவில் இருந்தார். அங்கே பஞ்சம். அதைப் பற்றிப் பத்திரிகைக்குக் கடிதம் எழுதி நாட்டையே உலுக்கியவர் அவர்தான். அவர் திரும்பி வரும்வரை காத்திருந்து, செப்டம்பரில் கிராம்ஸ்கோய் போய்ப் பார்த்தார்.

தோட்டத்தில் நீலச் சட்டை போட்ட வேலையாள் ஒருவரிடம், பிரபு எங்கே இருக்கிறார் என்று கேட்க, நான்தான் என்று பதில் வந்ததாக ஒரு கதை சொல்வார்கள். கதையாகவே இருக்கட்டும். அடுத்து நடந்தது கிராம்ஸ்கோய் திரெத்யாகோவுக்கு எழுதிய கடிதத்திலேயே இருக்கிறது. இரண்டு மணி நேரத்துக்கு மேல் பேச்சு. திரும்பத் திரும்பப் படத்தைப் பற்றி எடுத்தார், ஒவ்வொரு முறையும் மறுப்பு. கடைசியாக அவர் வைத்த வாதம் எனக்கு மிகவும் பிடிக்கும். உங்கள் படம் அந்தக் கூடத்தில் எப்படியும் ஒருநாள் இருக்கத்தான் போகிறது, நானும் நீங்களும் இல்லாத காலத்தில் யாரோ வரைவார்கள், அப்போது எல்லாரும் இதைக் காலத்தில் செய்யாமல் போனோமே என்று வருந்துவார்கள் என்றார். டால்ஸ்டாய் இறங்கி வந்தார். ஆனால் குடும்பத்துக்கென்று இன்னொரு படமும் வேண்டும் என்று நிபந்தனை போட்டார். அதனால் கிராம்ஸ்கோய் இரண்டு கித்தான்களில் ஒரே காலத்தில் வேலை செய்தார். ஒன்று திரெத்யாகோவிடம் போனது. மற்றது யாஸ்னயா பொல்யானாவிலேயே தங்கியது.

வெள்ளைத் தாடித் தாத்தாவைத்தான் நாம் டால்ஸ்டாய் என்று நினைத்து வைத்திருக்கிறோம். இந்தப் படத்தில் இருப்பவர் வேறு ஆள். கருத்த தாடி, சாம்பல் நீலத்தில் தொளதொள சட்டை, மடியில் சேர்த்து வைத்த கைகள். பின்னால் ஒன்றுமே இல்லை, வெறும் மங்கிய நிறம். மேசை இல்லை, புத்தகம் இல்லை, பேனா இல்லை. எழுத்தாளர் என்று சொல்ல ஒரு பொருளும் இல்லை. அந்தக் கண்கள் மட்டும் பார்க்கிற நம்மை எடை போடுகின்றன.

அந்த மாதங்களில் டால்ஸ்டாய் மேசையில் இருந்தது அன்னா கரேனினா. எதிரே உட்கார்ந்து தன் முகத்தைக் கவனித்த ஓவியரை அவரும் கவனித்துக்கொண்டே இருந்தார். நாவலில் வரும் ஓவியர் மிகாய்லவ் அப்படியே கிராம்ஸ்கோய்தான் என்று, அவரை நன்றாக அறிந்த ஓவியர் ரேப்பினே எழுதியிருக்கிறார்.

வாசகி_திருச்சி எழுதியது:

மிகாய்லவ் அத்தியாயங்களை இப்போதுதான் மறுபடி எடுத்துப் படித்தேன். ஐந்தாம் பாகத்தில், அன்னாவும் விரோன்ஸ்கியும் இத்தாலியில் இருக்கும் பகுதி. இதை மனதில் வைத்துப் படித்தால் அந்தப் பக்கங்களே வேறு மாதிரி ஆகிவிடுகின்றன.

கோபத்தில் இருக்கும் ஒரு மனிதனை மிகாய்லவ் வரைந்துகொண்டிருப்பார், சரியாக வராது. தூக்கிப் போட்ட பழைய தாளைத் தேடி எடுத்தால் அதில் மெழுகு சொட்டிக் கறையாகியிருக்கும். அந்தக் கறை உருவத்துக்கு ஒரு புதிய நிலையைக் கொடுத்துவிட்டதைப் பார்த்துச் சிரிப்பார். இதை ஓர் ஓவியர் பக்கத்தில் உட்காராமல் ஒருவரால் எழுத முடியுமா? வந்தவர்கள் அவர் படத்தைப் பார்த்து, டெக்னிக் பிரமாதம் என்று சொன்னதும் அவருக்குள் எரிச்சல் மூளும். உள்ளே இருக்கும் உருவத்தின் மேல் மூடியிருப்பதைச் சேதம் இல்லாமல் அகற்றுவது மட்டும்தான் வேலை, பார்க்கத் தெரியாதவனுக்கு எந்தக் கைத்திறனும் உதவாது என்று நினைப்பார்.

அப்புறம் அன்னாவின் உருவப்படம். ஐந்தாவது முறை அவள் வந்து உட்கார்ந்த பிறகு, படம் எல்லாரையும் திகைக்க வைக்கிறது. அவளை என்னைப் போல நேசித்தவனால்தானே இந்த முகபாவத்தைக் கண்டுபிடிக்க முடியும், இவன் எப்படிக் கண்டான் என்று விரோன்ஸ்கி யோசிப்பான். டால்ஸ்டாய் அடுத்த வரியிலேயே, அந்த முகபாவத்தை விரோன்ஸ்கியே இந்தப் படத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டான் என்று எழுதிவிடுகிறார்! உருவப்படம் என்ன செய்யும் என்பதற்கு இதைவிடத் துல்லியமாக யாரும் எழுதி நான் படித்ததில்லை.

நீலக்கல் எழுதியது:

நான் எதிர்க்கட்சி. கடிதங்களும் கதைகளும் அருமை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஓவியத்தை ஓவியமாகப் பாருங்கள். கிராம்ஸ்கோயின் பல உருவப்படங்கள் வறண்டவை. பழுப்பு, சாம்பல், மறுபடி பழுப்பு. உடல் பெரும்பாலும் மரக்கட்டையாக நிற்கும், முகம் மட்டும் வேலை செய்திருக்கும். ரேப்பின் வரைந்த முசோர்க்ஸ்கியை எடுத்துக்கொள்ளுங்கள். 1881இல் ராணுவ மருத்துவமனையில், அந்த இசையமைப்பாளர் சாவதற்குச் சில நாள் முன்பு வரைந்தது. சிவந்த மூக்கு, கலைந்த முடி, மருத்துவமனை அங்கியின் பச்சை. வண்ணமே பேசுகிறது. ரேப்பின் கிராம்ஸ்கோயின் மாணவர், கலை வளர்ப்புச் சங்கத்தின் ஓவியப் பள்ளியில் அவரிடம் படித்தவர். மாணவர் குருவைத் தாண்டிப் போய்விட்டார் என்பதே என் கருத்து.

இதற்குக் காரணமும் சொல்கிறேன். அந்த ரீடச்சிங் தொழில்தான். இளம் வயதில் புகைப்படத்தின் மேல் குனிந்தே கழித்தவர் கண்ணுக்கு உலகம் கருப்பு வெள்ளையாகத்தான் பழகும். பின்னாளில் ஏராளமான ஆர்டர்களைப் புகைப்படத்தைப் பார்த்தே எழுதியிருக்கிறார். அது தெரிகிறது.

பழையஸ்டூடியோ எழுதியது:

நீலக்கல் தம்பி சொன்னதற்கு ஒரு பதில் சொல்லலாம் என்று வந்தேன். ஓவியத்தைப் பற்றி எனக்குப் பெரிதாகத் தெரியாது. ஆனால் மதுரையில் ஸ்டூடியோவில் நெகட்டிவ் டச்சிங் செய்தே குடும்பத்தை நடத்தியவன் நான். கலர் பிலிம் வந்து தொழில் போகும்வரை அதுதான்.

டச்சிங் மேசையில் நெகட்டிவை வைத்து, கீழே கண்ணாடியில் வெளிச்சத்தைத் திருப்பி, மேலே மீடியம் தடவி, ஊசி மாதிரி சீவிய பென்சிலால் புள்ளி புள்ளியாக வைப்போம். கண்ணுக்குக் கீழே குழி, மூக்கோரத்து மடிப்பு, கன்னத்தில் அம்மைத் தழும்பு, எல்லாவற்றையும் நிரவ வேண்டும். கல்யாணத்துக்குப் பெண் பார்க்க அனுப்பும் படம் என்றால் இன்னும் கவனம். எங்கள் முதலாளி சொல்லுவார், வயசைக் குறைக்கலாம், ஆளை மாற்றிவிடக் கூடாது என்று. ஒரு மடிப்பைக் கூடுதலாக அழித்துவிட்டால் பெற்ற தாய்க்கே அது யாரென்று தெரியாது. அதனால் முகத்தில் எந்தக் கோடு அந்த ஆளைத் தாங்கி நிற்கிறது, எது சும்மா இருக்கிறது என்று கண் தானாகப் பிரித்துக் கற்றுக்கொள்ளும்.

கிராம்ஸ்கோய் காலத்தில் காகிதப் பிரதி மேலேயே தூரிகையால் செய்திருப்பார்கள், முறை வேறு. ஆனால் கண் பயிற்சி ஒன்றுதான். இந்த இழையைப் பார்த்துவிட்டு டால்ஸ்டாய் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். புருவத்துக்கு நடுவே உள்ள வெட்டு, கண்ணுக்கு அடியில் தோல் தடித்திருப்பது, நெற்றிக் கோடுகள் என்று நாங்கள் அழிக்கிற இடங்கள் எல்லாவற்றையும் அந்த மனிதர் ஒன்றுவிடாமல் எழுதியிருக்கிறார். அழித்து அழித்துப் பழகியவனுக்குத்தான் எதை வைத்தால் ஆள் வருவான் என்று தெரியும். இது வறட்சி என்று எனக்குப் படவில்லை.

வாசகி_திருச்சி எழுதியது:

ஐயா, இந்த ஒரு பதிவுக்காகவே இந்த இழை நடந்திருக்கலாம். உங்கள் தொழிலைப் பற்றித் தனியாக ஓர் இழை தொடங்குங்கள், கண்டிப்பாக.

கரிசல்மண் எழுதியது:

ஐயாவுக்கு வணக்கம். நான் எழுத நினைத்து வார்த்தை கிடைக்காமல் இருந்ததை நீங்கள் சொல்லிவிட்டீர்கள்.

நீலக்கல், வண்ணத்தைப் பற்றி நீங்கள் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. ஆர்டருக்குச் செய்த அதிகாரிகள், சீமாட்டிகள் படங்களில் அந்த விறைப்பு உண்டு. ஆனால் இரண்டு படங்களைப் பார்த்துவிட்டு மறுபடி பேசுங்கள். முதலாவது, 1878இல் நண்பரும் ஓவியருமான லித்தோவ்சென்கோவை வரைந்தது. வெளியே கிளம்பிய கோலத்தில், தொப்பியும் கனத்த கருப்பு மேலங்கியும். தூரிகை தடதடவென்று ஓடியிருக்கிறது. அதில் மரக்கட்டை எங்கே இருக்கிறது?

இரண்டாவது நெக்ராசவ். 1877 தொடக்கம். கவிஞருக்குப் புற்றுநோய் முற்றிவிட்டது. திரெத்யாகோவ் கேட்டது வழக்கமான மார்பளவுப் படம். ஒரு நாளைக்குச் சில நிமிடங்கள்தான் அவரால் தாங்க முடியும், அந்த நிமிடங்களுக்காகவே கிராம்ஸ்கோய் தினமும் போனார். கேட்ட படத்தை முடித்துக் கொடுத்தார். ஆனால் தான் கண்ட உண்மை அந்தப் படுக்கையில் இருக்கிறது என்று உணர்ந்து, யாரும் கேட்காத இன்னொரு படத்தைத் தொடங்கினார். தலையணைகளில் சாய்ந்து, கையில் பென்சிலும் தாளுமாக, கவிதை தேடும் நோயாளி. சட்டை வெள்ளை, போர்வை வெள்ளை, தலையணை வெள்ளை. அத்தனை வெள்ளைக்குள்ளும் மெழுகு நிறத்தில் ஒரு முகம். வண்ணம் தெரியாதவர் இதைத் துணிவாரா? பின்னால் விமர்சகர் பெலின்ஸ்கியின் மார்புச் சிலை, சுவரில் இன்னொரு விமர்சகர் தப்ரல்யூபவின் படம். ஓரத்தில் 1877 மார்ச் 3 என்று தேதி போட்டிருக்கிறார். நெக்ராசவ் தன் மரணத் தாலாட்டுக் கவிதையை எழுதிய நாள் அது. அந்த வருடக் கடைசியில் அவர் இறந்தார்.

வேப்பமரத்தடி எழுதியது:

தஸ்தயேவ்ஸ்கி வாசகனாக ஒன்று சேர்க்கிறேன். கரமசோவ் சகோதரர்களில் ஸ்மெர்தியாக்கவைப் பற்றிய அத்தியாயத்தில் கிராம்ஸ்கோய் பெயரோடு வருகிறார். "சிந்தனையாளன்" என்று 1876இல் அவர் வரைந்த படத்தை தஸ்தயேவ்ஸ்கி விவரிக்கிறார். குளிர்காலக் காடு, பாதையில் கிழிந்த கோட்டும் நார்ச் செருப்புமாகத் தனியாக நிற்கும் ஒரு குடியானவன். அவனைத் தட்டினால் தூக்கத்திலிருந்து விழித்தவன் போலத் திடுக்கிடுவான். என்ன நினைத்துக்கொண்டிருந்தாய் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஆனால் அந்த நேரத்து உணர்வுகளைத் தனக்குள் சேர்த்து வைத்துக்கொண்டே இருப்பான். ஒருநாள் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஜெருசலேமுக்கு யாத்திரை போனாலும் போவான், சொந்த ஊருக்குத் தீ வைத்தாலும் வைப்பான், இரண்டையும் சேர்த்துச் செய்தாலும் செய்வான் என்கிறார். நாவலில் அந்தக் கொலையைச் செய்யப்போகிறவனைப் புரியவைக்க தஸ்தயேவ்ஸ்கிக்கு இந்தப் படம் தேவைப்பட்டது.

டால்ஸ்டாய் ஓவியரையே பாத்திரம் ஆக்கினார், தஸ்தயேவ்ஸ்கி ஓவியத்தை வைத்துப் பாத்திரத்தை விளக்கினார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் நேரில் சந்தித்ததே இல்லை. இரண்டு பேரின் நாவலுக்குள்ளும் நுழைந்தவர் இந்த ஓவியர்.

கிராம்ஸ்கோயின் குடியானவர்களைப் பற்றி யாரும் இன்னும் பேசவில்லையே? மீனா மொய்சேயெவ் என்ற கிழவரை 1882இல் வரைந்தார். நீலச் சட்டை, சிரிப்பை அடக்கிய கண்கள். அடுத்த வருடம் அவரையே கையில் குதிரைக் கடிவாளத்தோடு நிற்க வைத்துப் பெரிய படமாக்கினார். பிரபுக்களுக்குக் கிடைக்கும் அதே மரியாதையான உருவப்படம், பெயரோடு, ஒரு குடியானவருக்கு.

காவிரிக்கரை எழுதியது:

கலைக்கழகத்தில் சேர்ந்ததோடு வாழ்க்கைக் கதை நின்றுவிட்டது. அங்கே ஏதோ புரட்சி செய்தார் என்று படித்தேனே?

கரிசல்மண் எழுதியது:

ஆமாம், 1863 நவம்பர் 9. பெரிய தங்கப் பதக்கத்துக்கான போட்டி. ஜெயித்தவருக்கு அரசுச் செலவில் பல வருடம் வெளிநாட்டில் படிப்பு. ஏழை மாணவர்களுக்கு அதைவிடப் பெரிய வாய்ப்பு கிடையாது. கொடுத்த தலைப்பு வல்ஹல்லாவில் விருந்து. வட ஐரோப்பியப் பழங்கதையில் வரும் ஒடின் தெய்வத்தின் மண்டபம். ருஷ்யாவில் அப்போதுதான் பண்ணையடிமை முறை ஒழிந்து இரண்டு வருடம் ஆகிறது, நாடே கொதித்துக்கொண்டிருக்கிறது. தலைப்பை நாங்களே தேர்ந்தெடுத்துக்கொள்கிறோம் என்று மாணவர்கள் மனு கொடுத்தார்கள். பதில் இல்லை. போட்டி நாளில் ஒவ்வொருவராக எழுந்து, பங்கெடுக்கவில்லை என்று சொல்லிவிட்டு வெளியேறினார்கள். 14 பேர். தலைமை கிராம்ஸ்கோய். அதன் பிறகு போலீஸ் அவர்களை ரகசியமாகக் கண்காணித்தது.

வெளியே வந்தால் சோற்றுக்கு வழி? எல்லாரும் சேர்ந்து ஒரு வீடு எடுத்து, கூட்டாகச் சமைத்து, கூட்டாக ஆர்டர் பிடித்தார்கள். உருவப்படம், தேவாலயப் படம், எது வந்தாலும் சரி. வருமானத்தில் ஒரு பங்கு பொதுப் பணத்துக்கு. ஏழு வருடம் இது நடந்தது. கடைசியில் உறுப்பினர் ஒருவர் மற்றவர்களுக்குச் சொல்லாமல் கலைக்கழகத்தின் உதவியோடு வெளிநாடு போக ஏற்பாடு செய்தது தெரிந்ததும், கிராம்ஸ்கோய் மனம் வெறுத்து விலகினார். ஆனால் அந்த 1870லேயே பயணக் கண்காட்சிச் சங்கத்தை அமைப்பதில் முன்னால் நின்றார். ஓவியங்களை நகரம் நகரமாக எடுத்துச் சென்று மக்களுக்குக் காட்டும் சங்கம். 1871 இறுதியில் பீட்டர்ஸ்பர்க்கில் முதல் கண்காட்சி. பிறகு மாஸ்கோ, கீவ், கார்கோவ். புகைப்படக்காரரோடு ஊர் ஊராக அலைந்த பையன், இப்போது ருஷ்ய ஓவியத்தையே ஊர் ஊராகக் கொண்டுபோனார்.

நீலக்கல் எழுதியது:

நெக்ராசவ் படத்தைப் பார்த்தேன். வெள்ளையைப் பற்றி நீங்கள் சொன்னது சரி. லித்தோவ்சென்கோவும் எனக்குப் பிடித்திருக்கிறது.

ஆனாலும் ஒரு கேள்வி உறுத்துகிறது. கலைக்கழகத்தை எதிர்த்து வெளியேறியவர், பின்னாளில் ஜார் குடும்பத்துக்கு உருவப்படங்கள் வரைந்தார். பேரரசி மரியா ஃபியோதரோவ்னா எல்லாம் வரிசையாக இருக்கிறார்கள். வாழ்நாள் வேலை என்று நீங்கள் சொன்ன அந்தக் கிறிஸ்து படம் என்ன ஆனது?

கரிசல்மண் எழுதியது:

முடியவில்லை. அதுதான் அவர் வாழ்க்கையின் பெரிய வலி.

1872இல் "பாலைவனத்தில் கிறிஸ்து" வந்தது. விடியற்காலையில் கல் மேல் உட்கார்ந்து, விரல்களைக் கோர்த்து இறுக்கிக்கொண்டு, முடிவெடுக்க முடியாமல் தவிக்கும் மனிதர். திரெத்யாகோவ் 6000 ரூபிளுக்கு வாங்கினார். அதற்கு அடுத்த கட்டமாக கிராம்ஸ்கோய் "சிரிப்பு" என்ற படத்தை மனதில் வைத்திருந்தார். பிலாத்துவின் முற்றத்தில் கூட்டம் கிறிஸ்துவைப் பார்த்து எக்களித்துச் சிரிக்கும் காட்சி. நல்லதைப் பேசுகிறவனைப் பார்த்து உலகம் சிரிக்கும் அந்தச் சிரிப்பு தன்னைத் துரத்துகிறது என்று எழுதினார். 1877இலிருந்து தனி இடம் கட்டி, யாருக்கும் காட்டாமல் வேலை செய்தார். ஐந்து மீட்டர் அகலக் கித்தான். வருடங்கள் போயின, படம் முடியவில்லை.

வீட்டில் மனைவி சோஃபியா, பிள்ளைகள். 1876இல் சின்ன மகன் மார்க் இறந்தான். 1879இல் இன்னொரு மகன் இவான். குடும்பத்தை நடத்த ஆர்டர்கள், ஆர்டர்களை முடிக்கவே நேரம், அதற்கு நடுவே நெஞ்சுவலி, வலியைத் தாங்க மார்ஃபின். அரண்மனை ஆர்டர்களைக் கொள்கை மாற்றம் என்று நான் பார்க்கவில்லை. பணத்துக்காகச் செய்தார், அதை அவரே சொல்லிக் குமைந்தார். படங்களிலும் அது தெரிகிறது. பேரரசியின் முத்துமாலை பளபளக்கும், முகம் மூடியிருக்கும்.

1884இல் "ஆற்ற முடியாத துயரம்". கருப்பு உடையில் ஒரு தாய், வாயில் கைக்குட்டையை அழுத்திக்கொண்டு நிற்கிறாள். பக்கத்தில் சவப்பெட்டிக்கு வந்த மலர்கள். அந்த முகம் சோஃபியாவுடையது. சரியாக வரும்வரை விடாமல் திரும்பத் திரும்ப எழுதினார். அழுகையைக் காட்டும் முந்தைய வடிவங்களைத் தள்ளிவிட்டு, அழுது முடிந்த பிறகு இருக்கும் நிலையைப் பிடித்தார். இதை விற்க அவருக்கு மனம் வரவில்லை. இந்தச் சோகப் படத்தை அன்பளிப்பாக வாங்கிக்கொள்ளுங்கள் என்று திரெத்யாகோவுக்கு எழுதினார். திரெத்யாகோவ் படத்தை ஏற்றுக்கொண்டார், ஆனால் பணத்தையும் வாங்க வைத்துவிட்டார்.

பழையஸ்டூடியோ எழுதியது:

அந்தத் தாய் படத்தைப் பார்த்தேன். என் வீட்டம்மாவையும் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் ஒன்றும் சொல்லாமல் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் எப்படி இறந்தார் தம்பி?

கரிசல்மண் எழுதியது:

வேலை செய்துகொண்டே, ஐயா. 1887, பழைய ருஷ்ய நாட்காட்டிப்படி மார்ச் 24, இன்றைய கணக்கில் ஏப்ரல் 5. எதிரே உட்கார்ந்திருந்தவர் கார்ல் ரவுக்ஃபஸ், பெயர்பெற்ற குழந்தை மருத்துவர். தூரிகையோடு நின்றவர் அப்படியே சரிந்து விழுந்தார். மருத்துவரே எதிரில் இருந்தும் ஒன்றும் செய்ய முடியவில்லை. இதயத்திலிருந்து வரும் பெருந்தமனி வீங்கியிருந்தது. வயது 49.

அந்தப் படம் பீட்டர்ஸ்பர்க் ருஷ்ய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. முகம் முடிந்துவிட்டது. தோளுக்குக் கீழே வெறும் கோட்டு வரைவு. முடியாத "சிரிப்பு" கித்தானும் அதே அருங்காட்சியகத்தில்தான். பல வருடம் போராடியும் முடியாதது ஒன்று, ஓரிரு மணி நேரத்தில் முகத்தை முழுசாகக் கொண்டுவந்தது இன்னொன்று. இரண்டையும் பார்த்துவிட்டு நீலக்கல் எனக்குத் தீர்ப்புச் சொல்லட்டும்.

நீலக்கல் எழுதியது:

தீர்ப்பு: ரேப்பின்தான் பெரிய ஓவியர், அதில் மாற்றமில்லை. ஆனால் அந்த மருத்துவரின் முகத்தை ரேப்பினால் இப்படி வரைந்திருக்க முடியாது. ஐயா சொன்ன அந்தத் தாங்கி நிற்கும் கோடுகளை அதில் ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தேன்.

காவிரிக்கரை எழுதியது:

அவருடைய பிள்ளைகள் யாராவது ஓவியர் ஆனார்களா?

வேப்பமரத்தடி எழுதியது:

மகள் சோஃபியா. அப்பாவிடமே கற்று, உருவப்பட ஓவியராகவே பெயர் எடுத்தார். 1882இல் அப்பா வரைந்த அவருடைய படம் இருக்கிறது, பார். சோவியத் காலத்தில், 1930இல் கைது செய்யப்பட்டு, தண்டனையாக சைபீரியாவுக்கு அனுப்பப்பட்டார். 1933இல் இறந்தார்.

கரிசல்மண் எழுதியது:

படங்களைத் தேடிப் பார்ப்பவர்களுக்காக: டால்ஸ்டாய், நெக்ராசவ், "தெரியாத பெண்", "ஆற்ற முடியாத துயரம்", "பாலைவனத்தில் கிறிஸ்து" எல்லாம் மாஸ்கோ திரெத்யாகோவ் அருங்காட்சியகத்தில். மீனா மொய்சேயெவ், ரவுக்ஃபஸ், "சிரிப்பு" பீட்டர்ஸ்பர்க்கில். "சிந்தனையாளன்" கீவில். அருங்காட்சியகத் தளங்களில் உள்ள பெரிய படங்களையே பாருங்கள். சமூக வலைத்தளங்களில் சுற்றுபவற்றில் நிறத்தைக் கூட்டிவிடுகிறார்கள், நெக்ராசவின் வெள்ளை அதில் மஞ்சளாகிவிடுகிறது.

அடுத்த வாரம் பெரோவ் 1872இல் வரைந்த தஸ்தயேவ்ஸ்கியை எடுத்துக்கொள்ளலாம் என்று இருக்கிறேன். அதைப் பற்றி கிராம்ஸ்கோயே மிக உயர்வாக எழுதியிருக்கிறார். வேப்பமரத்தடி, நீங்கள் தொடங்கி வைக்கிறீர்களா?

வேப்பமரத்தடி எழுதியது:

சரி, ஞாயிற்றுக்கிழமை இழை திறக்கிறேன்.